பனிக்குட நீர்ப் பரிசோதனை: விரைவு முடிவா, முழு முடிவா?

அட்டன் பக்கத் தோட்டங்களிலிருந்து கண்டிக்கு பஸ் ஏறி, வயிற்றில் பிள்ளையைச் சுற்றியிருக்கும் பனிக்குட நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் தாய்க்குக் காத்திருப்புதான் பெரிய வேதனை. அதனால் எந்த ரிப்போட் எதைச் சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

விரைவு முடிவு சில நாட்களில் வரும். 21, 18, 13ஆம் நிறமூர்த்தங்களும் (பரம்பரைத் தகவலைச் சுமக்கும் குரோமோசோம்கள்), ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் பால் நிறமூர்த்தங்களும் எண்ணிக்கையில் சரியா என்று பார்க்கும், அவ்வளவுதான். 21ஆம் நிறமூர்த்தம் ஒன்று கூடுவதால் வரும் டவுன் சின்ட்ரோம் பற்றிய பயம் மனதை அரிக்கிறது என்றால் இதுவே பெரிய ஆறுதல்.

முழு முடிவுக்கு அந்த நீரில் உள்ள பிள்ளையின் கலங்களை (செல்களை) வளர்க்க வேண்டும்; இரண்டு மூன்று கிழமை போகும். 46 நிறமூர்த்தங்களையும் பார்ப்பதால், ஒரு பெரிய துண்டு இடம் மாறியிருந்தாலும் தெரியும். அப்படி மாறியும் எதுவும் கூடவோ குறையவோ இல்லை என்றால் ‘சமநிலை’ என்பார்கள். உடனே கலங்க வேண்டாம். தாய் தகப்பனின் இரத்தத்தையும் பார்ப்பார்கள். நலமாக இருக்கும் ஒருவரிடம் அதே மாற்றம் இருந்தால், பெரும்பாலும் பிள்ளைக்கும் பாதிப்பில்லை. ஸ்கேனில் ஏதாவது வித்தியாசம் கண்டவர்கள் முழு முடிவுக்குக் காத்திருப்பதே நல்லது என்பேன்.

இரண்டும் சரியென்று வந்தாலும் உதட்டுப் பிளவு, பல இதயக் குறைகள் இதில் தெரியாது. அதற்கு ஸ்கேன்தான்.

ரிப்போட் ஆங்கிலத்தில் இருந்தால் கூச்சப்படாமல் தாதி மிஸ்ஸிடம் கேளுங்கள், அக்கா: “இது விரைவு முடிவா? இன்னும் ஒன்று வர இருக்கிறதா?”