நேரடி கேபிளா, நினைவகமா, எக்ஸ்பிடியா? கடலாய்வுக் கப்பலில் எதை இறக்குவது

கடல்நீரின் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் ஆழவாரியாக எடுக்க ஆய்வுக் கப்பலின் டெக்னீஷியனுக்கு மூன்று வழிகள் உண்டு. உள்ளே மின்கம்பி ஓடும் கேபிளில், நீர் பிடிக்கும் பாட்டில்களை வட்டமாக அடுக்கிய சட்டமான ரோசெட்டோடு, மின்கடத்துதிறனையும் வெப்பநிலையையும் ஆழத்தையும் அளக்கும் சிடிடி கருவியை இறக்கி அளவீட்டை அப்போதே திரையில் பார்க்கலாம். சாதாரண இரும்பு வடத்தில் இறக்கி, கருவி தன் நினைவகத்தில் பதிந்ததை மேலே வந்தபின் எடுக்கலாம். கப்பல் ஓடும்போதே, மெல்லிய கம்பியோடு விழுந்துகொண்டே வெப்பநிலையை அனுப்பும், திரும்ப எடுக்க வேண்டாத எக்ஸ்பிடியைப் போட்டுவிடலாம். பலரும் துல்லிய அட்டவணையைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு: கருவி தண்ணீருக்குள் இருக்கும்போதே கோளாறு தெரிந்துவிடுமா?

நேரடி கேபிளில் தெரியும். இந்த வகை சிடிடியான சீ-பேர்ட் 911பிளஸ் நொடிக்கு 24 முறை அளக்கிறது. வெப்பநிலைத் துல்லியம் 0.001 டிகிரி செல்சியஸ். உப்புத்தன்மையைக் கணக்கிட உதவும் மின்கடத்துதிறனில் மீட்டருக்கு 0.0003 சீமென்ஸ். ஒவ்வொன்றுக்கும் இரண்டு சென்சார் மாட்டலாம் என்பதுதான் என் கணக்கில் இதன் பெரிய பலம். முதல் ஜோடியும் இரண்டாம் ஜோடியும் திடீரென விலகினால் ஒன்றில் ஜெல்லிமீன் துண்டோ சேறோ அடைத்திருக்கிறது என்று அந்த நிமிடமே புரியும்.

இறக்கும் முறையில் அவசரம் கூடாது. 10 மீட்டரில் இரண்டு மூன்று நிமிடம் ஊற விட வேண்டும். கடல்நீரை உணர்ந்து ஒரு நிமிடம் போல ஆனபிறகே, சென்சார்கள் வழியே நீரை ஓட்டும் பம்ப் ஓடத் தொடங்கும். குழாயில் தங்கிய காற்றும் அதற்குள் வெளியேற வேண்டும். இரு சென்சாரும் ஒத்துப்போன பின் மேற்பரப்புவரை தூக்கி, அங்கிருந்து இறக்க வேண்டும். முதல் 100 மீட்டருக்கு நிமிடத்துக்கு 30 மீட்டர், அதற்குக் கீழே 60 மீட்டர் வேகம் போதும். 4000 மீட்டர் ஆழமென்றால் போகவும் வரவும் தலா ஒரு மணி நேரத்துக்கு மேல். 24 பாட்டிலுக்கும் நிறுத்தினால் மொத்தம் மூன்று மணி நேரத்தை நெருங்கும். கடைசி 100 மீட்டரில், அடிவரை உள்ள தூரத்தை ஒலியால் அளக்கும் ஆல்டிமீட்டர் கடலடியைப் பிடிக்கும். 10 மீட்டர் விட்டு நிறுத்தலாம். ஏறும் வழியில் ஒவ்வொரு பாட்டில் ஆழத்திலும் நின்று, 30 நொடி பொறுத்து மூட வேண்டும். ரோசெட் கீழ்நீரை இழுத்துக்கொண்டே ஏறுவதால், உடனே மூடினால் பாட்டிலுக்குள் இருப்பது அந்த ஆழத்து நீராக இருக்காது.

இந்த வழியின் பலவீனம் கேபிளும் அதன் முனையும்தான். கப்பல் அலையில் ஆடும்போது ரோசெட் இறங்கும் வேகத்தைவிட வேகமாகக் கேபிள் விடப்பட்டால் தொய்வு விழும். அடுத்த எழுச்சியில் அது முறுக்கிக்கொண்டு இறுகும். உள்ளே கம்பி நசுங்கும். மேல் 100 மீட்டரில் மெதுவாகப் போகச் சொல்வது இதனால்தான். கருவிக்கு மின்சாரம் தந்து தகவலை வாங்கும் மேல்பெட்டியான டெக் யூனிட்டில் மாடுலோ எரர் என்னும் பிழை எண்ணிக்கை ஏறினால், தகவல் வழியில் தொலைகிறது என்று பொருள். கேபிளைச் சுற்றும் வின்ச் சுழலும்போது மட்டும் ஏறினால், சுழலும் உருளைக்கும் நிலையான கம்பிக்கும் மின்தொடர்பு தரும் ஸ்லிப் ரிங்கைச் சந்தேகியுங்கள். நின்றாலும் ஏறினால் டெர்மினேஷனை, அதாவது கேபிள் முனையின் இணைப்பைப் பாருங்கள்.

சோதிக்கும் முன் டெக் யூனிட்டை அணைக்க வேண்டும். கேபிளில் ஏறத்தாழ 250 வோல்ட் போகிறது; ஈரக் கையோடு அந்தக் கனெக்டரைத் தொடக் கூடாது. மெக்கர் என்னும் மின்காப்புச் சோதனைக் கருவியால் 500 வோல்ட்டில் இன்சுலேஷனை அளக்கும்போது கேபிளின் இரு முனைகளும் கழன்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கருவியின் மின்சுற்று போய்விடும். அளவு குறைவாக இருந்தால் கெட்ட பகுதியை வெட்டிப் புதிதாக முனை போட வேண்டும். ரெசின் ஊற்றும் வகையானால் அது இறுகும்வரை ரோசெட் டெக்கிலேயே நிற்கும்.

அந்தக் காத்திருப்பில் கைகொடுப்பது நினைவக வகை. சீ-பேர்ட் 19பிளஸ் வி2 ஒன்பது டி அளவு பேட்டரியில் ஓடும். எந்த வடத்திலும் இறக்கலாம். நொடிக்கு 4 அளவீடு. நொடிக்கு ஒரு மீட்டர் இறங்கினால் 25 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி. 911பிளஸ் அதே வேகத்தில் 4 சென்டிமீட்டருக்கு ஒன்று தரும். வெப்பநிலைத் துல்லியம் 0.005 டிகிரி. மேல் அடுக்குகளுக்கு இது தாராளம். 3000 மீட்டருக்குக் கீழே ஆண்டுக்காண்டு மாற்றத்தைத் தேடுபவருக்குப் போதாது.

பாட்டிலும் மூடலாம்: ஆட்டோ ஃபயர் மாட்யூலில் அழுத்த அளவுகளை முன்பே பதித்துவிட்டால் ஏறும்போது அந்தந்த இடத்தில் மூடும். ஆனால் ஆக்சிஜன் குறைந்த அடுக்கு இன்று 40 மீட்டர் தள்ளி இருந்தால், அது தெரிவது எல்லாம் மேலே வந்த பிறகுதான். ஆல்டிமீட்டரும் கண்ணில் படாது. வடம் சாய்ந்தால் விட்ட நீளமும் உண்மை ஆழமும் ஒன்றல்ல. ஆகவே ஒலித்துடிப்பால் அடித்தூரத்தைக் காட்டும் பிங்கர் கட்டாமல் கடலடியை நெருங்கவே கூடாது. மற்றபடி இதில் நடக்கும் தவறுகள் எளியவை, அதனாலேயே வலிப்பவை: ஸ்விட்சைப் போடாமல் இறக்குவது, பாதி தீர்ந்த பேட்டரி, பழைய பதிவு நிறைந்த நினைவகம், கப்பல் நேரத்தோடு ஒத்துப்போகாத கடிகாரம். இந்த நான்கையும் ஒருவர் படிக்க இன்னொருவர் சரிபார்க்காமல் கருவி கப்பல் விளிம்பைத் தாண்டக் கூடாது.

எக்ஸ்பிடி இவற்றுக்கு மாற்று அல்ல. அது வெப்பநிலையை மட்டும் தருகிறது. டி-7 வகை கப்பல் 15 நாட் (மணிக்குக் கடல்மைல்) வேகத்தில் ஓடும்போது 760 மீட்டர், டீப் புளூ 20 நாட்டில் அதே ஆழம், டி-5 6 நாட்டில் 1830 மீட்டர் போகும். ஆழத்தை அது அளப்பதே இல்லை. விழுந்த நேரத்திலிருந்து கணக்கிடுகிறது. டி-7க்கு 1995இல் வெளியான திருத்தப்பட்ட சமன்பாட்டின்படி, நொடிகளை 6.691ஆல் பெருக்கி, நொடியின் வர்க்கத்தை 0.00225ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். 760 மீட்டருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆனால் 2 சதவீதப் பிழை அங்கே 15 மீட்டர். எந்தக் குணகம் பயன்படுத்தப்பட்டது, எந்த வகை, எந்த வரிசை எண் என்று குறிக்காத பதிவைப் பின்னால் வருபவர் திருத்த முடியாது. பழைய எக்ஸ்பிடி பதிவுகளில் இருந்த ஒருபக்கச் சாய்வுப் பிழை 2007இல் வெளிவந்தபோது, இந்த விவரங்கள் இல்லாதவைதான் சிக்கலாயின.

எறிய வேண்டியது காற்று மறைவான பக்கத்தில், பின்புறத்தில். மெல்லிய செப்புக்கம்பி கப்பலின் உடலில் உரசினால் இன்சுலேஷன் கிழிந்து வரைபடத்தில் கூர்முனைகள் வரும். ஆழத்தில் திடீரென வெப்பம் ஏறுவதாகக் காட்டினால், கம்பி இழுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடலடியை ஒலியால் வரையும் மல்டிபீமுக்கு ஒலிவேகம் எடுக்க இது போதும்; உப்புத்தன்மையை அருகிலுள்ள சிடிடியிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஆற்றுநீர் கலக்கும் பகுதியில் அந்தக் கடனும் உதவாது.

ஆகவே நீர் மாதிரி வேண்டிய நிலையம் எல்லாம் நேரடி கேபிளுக்கு. நினைவகக் கருவி புதுப் பேட்டரியோடு, பயணத்தின் தொடக்கத்திலேயே ஒருமுறை சோதித்து இறக்கப்பட்டு, தயாராக நிற்க வேண்டும். எக்ஸ்பிடி நிலையங்களுக்கு இடைப்பட்ட ஓட்டத்துக்கு.

சிடிடி எதுவானாலும், அதன் உப்புத்தன்மை அளவைச் சரிபார்க்க எடுக்கும் உப்பு மாதிரியை விடாதீர்கள். ரோசெட்டில் உள்ள நிஸ்கின் பாட்டிலில் காற்றுத் திருகைத் திறக்கும் முன் வடிகுழாயை இழுத்துப் பாருங்கள். நீர் வழிந்தால் அந்தப் பாட்டில் கசிந்திருக்கிறது. வாயுக்களுக்கான மாதிரி முதலில், ஆக்சிஜன் அவற்றோடு, உப்பு கடைசியில்; கண்ணாடிப் புட்டியை அதே நீரில் மூன்று முறை அலசி நிரப்ப வேண்டும். ஒற்றைச் சென்சார் உள்ள நினைவகக் கருவி விலகிப் போயிருப்பதைக் காட்டுவது இந்தப் புட்டிதான்.

டெக்குக்கு வந்ததும் குழாய்களை நன்னீரால் அலசி, பம்ப் குழாயில் காற்று வெளியேற உள்ள ஒய் வடிவ இணைப்பின் காற்றுத்துளையை மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். உப்பு படிந்து அது அடைபட்டால் காற்று உள்ளேயே தங்கும், பம்ப் வெறுமனே சுழலும், அடுத்த இறக்கத்தின் மேல் மீட்டர்கள் அனைத்தும் பயனற்றுப் போகும்.