ஆயிலை வீட்டில் மாற்றுவதா, ஒர்க்‌ஷாப்பில் விடுவதா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு வாசலில் நானேதான் காருக்கு ஆயில் மாற்றுகிறேன். ஜே.சி. ரோட்டில் ஆயிலும் ஃபில்டரும் பார்த்து வாங்கி, மேனுவலில் சொன்ன கிரேடையே ஊற்றும் நிம்மதி எனக்குப் பெரிது. எஞ்சின் மிதமான சூட்டில் இருக்கும்போது அடியில் ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றினால், கருத்த ஆயில் கயிறு மாதிரி இறங்கும். திரும்ப மாட்டும்போது புது வாஷர் போட்டு, முதலில் கையாலேயே முடுக்குங்கள். மரை தப்பிப் பிடித்தால், ஆயில் தேங்கும் சம்ப்புக்கே செலவு வரும். அப்புறம், ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கடியில் படுக்கவே கூடாது. காரைத் தாங்கும் ஸ்டாண்ட் கட்டாயம்.

ஒர்க்‌ஷாப் என்றால் லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். வாரண்டி உள்ள வண்டியா? சரி, அங்கேயே விடுங்கள், பில் கையில் இருக்கும். பழைய ஆயிலும் அவர்கள் பொறுப்பு. நான் அதைக் கேனில் அடைத்துத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுகிறேன். சாக்கடையில் ஊற்றினால் ஏரித் தண்ணீர்தானே கெடும்.