டேவ் காலஹரின் ரக்பி நூல்: மறுபதிப்பை வாங்கும் முன்

நியூசிலாந்து ரக்பி அணி 1905-06இல் பிரித்தானியத் தீவுகளிலும் பிரான்சிலும் வட அமெரிக்காவிலும் ஆடிய 35 ஆட்டங்களில் 34ஐ வென்றது. எடுத்த புள்ளிகள் 976; விட்டுக்கொடுத்தவை வெறும் 59. அந்த அணியின் தலைவர் டேவ் காலஹரும் துணைத் தலைவர் பில்லி ஸ்டெட்டும் தங்கள் ஆட்டமுறையை விளக்கி எழுதிய நூல் 1906இல் லண்டனில் வெளிவந்தது. அதன் மலிவுவிலை மறுபதிப்பு ஒன்றை இணையத்தில் வாங்கிப் படித்தேன். ரக்பியில் ஆர்வமுள்ள எவரும் தயங்காமல் வாங்கக்கூடிய நூல் இது. எந்தப் பதிப்பை வாங்குகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

மூலநூல் 322 பக்கங்கள் கொண்டது. சுற்றுப்பயணம் முடியும் தறுவாயில் கேட்கப்பட்டு, இரண்டு வாரத்துக்குள் எழுதி முடிக்கப்பட்டது. இருவருக்கும் ஆளுக்கு 50 பவுண்டு கிடைத்தது. காலணி தைக்கும் தொழில் செய்த ஸ்டெட்தான் பெரும்பகுதியை எழுதினார் என்றும், வரைபடங்களில் பெரும்பாலானவை காலஹருடையவை என்றும் அறியப்படுகிறது. அவசரத்தில் எழுதியதற்கான தடயம் எங்கும் தென்படவில்லை. ஒவ்வோர் ஆட்டக்காரரும் எந்த நொடியில் எங்கே நிற்க வேண்டும், ஏன் நிற்க வேண்டும் என்பதை இவ்வளவு பொறுமையாகச் சொல்லும் விளையாட்டு நூல்கள் இன்றும் அதிகம் இல்லை.

நூலின் உயிர்நாடி ஸ்க்ரம் பற்றிய விளக்கம். இரு அணியினரும் தோள்பிணைந்து குனிந்து, நடுவே இடப்படும் பந்துக்காக ஒருவரையொருவர் தள்ளுவதே ஸ்க்ரம். அக்காலத்து பிரித்தானிய அணிகள் எட்டு ஃபார்வர்டுகளை (முன்கள ஆட்டக்காரர்களை) ஸ்க்ரமில் இறக்கின. முதலில் வந்து சேர்ந்தவர் முதலில் தோள்கொடுப்பார், நிலையான இடம் யாருக்கும் கிடையாது. நியூசிலாந்தோ ஏழு பேரை மட்டும், இரண்டு, மூன்று, இரண்டு என்ற வரிசையில், அவரவர்க்குரிய இடத்தில் நிறுத்தியது. எட்டாமவர் விங் ஃபார்வர்டு. அவர் பந்தை ஸ்க்ரமுக்குள் இட்டுவிட்டு அதன் பக்கவாட்டிலேயே நிற்பார். பந்து பின்னால் வந்ததும் அதை எடுக்கும் தம் அணியின் ஹாஃப்பேக்கை (ஸ்க்ரமுக்குப் பின்னால் நிற்பவரை) எதிரணியினர் நெருங்க முடியாது. அந்த இடத்தில் ஆடியவர் காலஹரே. இது வழிமறிப்பு என்று பிரித்தானியப் பத்திரிகைகள் எழுதின, பார்வையாளர்கள் கூச்சலிட்டார்கள், அவர் ஏமாற்றுக்காரர் என்றே தூற்றப்பட்டார். 1905 டிசம்பர் 16 அன்று கார்டிஃபில் நடந்த வேல்ஸ் ஆட்டத்தில் நடுவர் ஜான் டல்லாஸ் அவருக்கு எதிராகத் திரும்பத் திரும்பத் தண்டனை உதை வழங்கவே, பந்துக்காகப் போட்டியிட வேண்டாம் என்று காலஹர் தம் முன்வரிசையினரிடம் சொல்லும் நிலை ஏற்பட்டது. நியூசிலாந்து வீரர் பாப் டீன்ஸ் எடுத்ததாகச் சொல்லப்பட்ட 'ட்ரை' (எதிரணியின் எல்லைக்கோட்டில் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) மறுக்கப்பட்ட சர்ச்சையோடு நியூசிலாந்து 3-0 என்று தோற்றது. ஆயினும் காலஹர் வெற்றி பெற்ற அணியைப் பாராட்டினாரே தவிர நடுவரைக் குறைகூறவில்லை. இந்தப் பின்னணியோடு வரைபடங்களைப் பார்க்கும்போது, ஏமாற்றுக்காரர் என்ற பட்டம் எவ்வளவு அநியாயமானது என்பது விளங்குகிறது. அன்றைய விதிகளை நுணுக்கமாகப் படித்து, அவை அனுமதித்த இடத்தில் ஆளை நிறுத்திய ஒரு சிந்தனையாளரையே அவற்றில் காண்கிறேன்.

அந்தச் சிந்தனையாளரைப் பற்றி மறுபதிப்பில் ஒரு பக்கம்கூட இல்லை என்பது பெரிய குறை. காலஹர் 1873 அக்டோபர் 30 அன்று அயர்லாந்தின் டொனிகால் பகுதியில் உள்ள ரமெல்டனில் பிறந்தார். 1878இல் குடும்பம் நியூசிலாந்தின் கட்டிகட்டியில் குடியேறியது. ஆசிரியையாக வேலைசெய்து வீட்டைத் தாங்கிய தாய் புற்றுநோயால் இறந்தார். காலஹர் பதின்மூன்று வயதிலேயே பள்ளியை விட்டு வேலைக்குப் போனார். பின்னர் ஆக்லாந்தில் இறைச்சி உறைவிப்பு நிறுவனம் ஒன்றில் வேலை, பொன்சன்பி கிளப்பில் ஆட்டம், இடையில் தென்னாப்பிரிக்காவில் போயர் போரில் படைப்பணி. 1903இல் சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நியூசிலாந்து ஆடிய முதல் டெஸ்டிலேயே அவர் இருந்தார்; மொத்தம் ஆறு டெஸ்டுகள். ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற பின் 1907 முதல் 1914 வரை தேசிய அணியின் தேர்வாளர். வயது காரணமாக முதல் உலகப் போருக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லாதிருந்தும் படையில் சேர்ந்து, 1917 அக்டோபர் 4 அன்று பெல்ஜியத்தின் பாஷன்டேல் போர்முனையில் படுகாயமுற்று இறந்தார். பிரான்சும் நியூசிலாந்தும் மோதும் கோப்பை 2000 முதல் அவர் பெயரைத் தாங்குகிறது.

அச்சுத்தரம் என்னை மிகவும் வருத்தியது. பழைய பிரதியை அப்படியே ஒளிநகல் எடுத்து, அளவைச் சுருக்கி அச்சிட்டிருக்கிறார்கள். எழுத்து எப்படியோ படித்துவிடலாம், வரைபடங்களில்தான் நஷ்டம். ஸ்க்ரமின் ஏழு புள்ளிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக் கருந்திட்டாகக் கிடக்கின்றன, பக்கத்தில் உள்ள குறியெழுத்துகளை உருப்பெருக்கி இல்லாமல் படிக்க முடியவில்லை, ஓரங்களில் அம்புக்குறிகள் பாதியில் அறுந்து நிற்கின்றன. காலஹரின் பங்களிப்பு பெரும்பாலும் இந்தப் படங்களில்தான் இருக்கிறது என்பதால் இதைச் சிறு பிழையாகக் கருதித் தள்ளிவிட மனம் வரவில்லை. பசை இறுகாத முதுகுப்பகுதி, மங்கிய அட்டை போன்றவற்றை விலைக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆகவே, விலை சற்றுக் கூடினாலும் மூலநூலின் பக்க அளவைக் காப்பாற்றிய பதிப்பையே தேடி வாங்குங்கள். விற்பவரிடம் வரைபடப் பக்கம் ஒன்றின் படத்தைக் கேட்டுப் பார்த்துவிட்டுப் பணம் செலுத்துவது நல்லது. ரக்பியின் அடிப்படை விதிகளே தெரியாதவர்களுக்கு முதல் நூலாக இதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் இதில் பேசப்படும் விங் ஃபார்வர்டு என்ற இடமே இன்றைய ஆட்டத்தில் இல்லை. ஃபார்வர்டுகளுக்குப் பயிற்சி தருபவர்களும் ஆட்டத்தின் வரலாற்றில் ஈடுபாடு கொண்டவர்களும் ஸ்க்ரம் பகுதியிலிருந்து தொடங்கிப் படிக்கலாம்; சுற்றுப்பயண விவரங்களை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.