ஆர்லாண்டோ பூங்கா விடுதிகளில் ‘அமைதியான’ உணவகம் தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கை

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோவைச் சுற்றியுள்ள கேளிக்கைப் பூங்காக்களுக்கு ஊரிலிருந்து வந்த பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள், பகலெல்லாம் வெயிலிலும் வரிசையிலும் களைத்துப்போன அவர்களை ஓர் இரவாவது கூச்சல் இல்லாத நல்ல உணவகத்தில் உட்காரவைத்துச் சாப்பிடச் செய்ய வேண்டும் என்று நினைப்பது இயல்பு. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அமைதியான இருக்கைக்கென்றே தனியாகப் பணமும் கட்டினோம். அந்தப் பணத்துக்கு எங்களுக்குக் கிடைத்தது என்ன என்பதை எழுதுகிறேன். என் புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் விடுதியின் பெயரைச் சொல்லவில்லை. அது பூங்கா நிறுவனங்களின் சொந்த விடுதி அன்று. பூங்கா எல்லைக்கு வெளியே, பூங்காவின் இரவு வாணவேடிக்கை தெரியும் தொலைவில், வேறொரு நிறுவனம் நடத்தும் பெரிய விடுதி. அதன் மேல்தளத்தில்தான் அந்த உணவகம் இருக்கிறது.

அமைதி எங்களுக்கு ஆடம்பரம் அன்று, தேவை. என் தந்தை இரு காதுகளிலும் கேட்புக் கருவி அணிந்திருக்கிறார். அவற்றை அணியாதவர்கள் பலரும், கருவி இருந்தால் எல்லாம் கேட்டுவிடும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். எதிரே இருப்பவரின் பேச்சோடு தட்டும் கரண்டியும் மோதும் ஒலி, நாற்காலி இழுபடும் ஒலி, பக்கத்து மேசைச் சிரிப்பு ஆகியவற்றையும் அந்தக் கருவி சேர்த்தே பெருக்கித் தருகிறது என்பதால், இரைச்சலான அறையில் அவர் பத்து நிமிடத்திற்குள் கருவிகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிடுவார். அதன்பின் மேசையில் அவர் தனியாள். சாதாரண உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபல் அளவில் நிகழ்கிறது. அறையின் இரைச்சல் 80 டெசிபலை நெருங்கினால் நல்ல காது உள்ளவர்களே குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் முன்பதிவின்போதே தொலைபேசியில் தெளிவாகச் சொன்னேன். மறுமுனையில் பேசிய பெண், கவலையே வேண்டாம், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஒரு மாடம் இருக்கிறது, அங்கே பேச்சுக் குரல் தவிர வேறொன்றும் கேட்காது, அதற்கு மட்டும் 75 டாலர் கூடுதல் என்றார். ஆளுக்கு 50 டாலர் வீதம் நால்வருக்கும் 200 டாலர் முன்பணம், அது திரும்பக் கிடைக்காது, ஆனால் பில்லில் கழித்துக்கொள்ளப்படும் என்றும் சொன்னார். 275 டாலரும் அப்போதே என் கிரெடிட் கார்டில் ஏறிவிட்டது. பிறகு வந்த உறுதிப்படுத்தும் மின்னஞ்சலில் ‘சிறப்பு இருக்கை’ என்ற சொல் மட்டுமே இருந்தது; மாடம் என்றோ அமைதி என்றோ ஒரு சொல்லும் இல்லை. நான் உடனே பதில் எழுதி, தொலைபேசியில் சொல்லப்பட்டதை வரிக்கு வரி குறிப்பிட்டு, அது சரிதானா என்று கேட்டேன். ‘ஆம், குறித்துக்கொண்டோம்’ என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. பின்னாளில் எங்களுக்குக் கைகொடுத்தது அந்த ஒற்றை வரிதான்.

போய்ச் சேர்ந்தபோது மாடத்தில் ஒரு பிறந்தநாள் விழா நடந்துகொண்டிருந்தது. எங்களை அழைத்துச் சென்று உட்கார வைத்த இடம், திறந்த சமையலறைக்கு நேர் எதிரே, மது பரிமாறும் மேடைக்கும் கழிப்பறைக்குச் செல்லும் வழிக்கும் நடுவில் இருந்த மேசை. சமையல்காரர்கள் ஆணைகளை உரக்கக் கூவுவதும் அவற்றை மற்றவர்கள் திருப்பிக் கூவுவதும் அங்கே ஒரு காட்சியாகவே நடத்தப்படுகின்றன. கைபேசிச் செயலியில் அளந்து பார்த்தேன். எண் 80-க்குக் கீழே இறங்கவே இல்லை. மேலாளரை அழைத்துக் கட்டிய பணத்தையும் மின்னஞ்சலையும் காட்டினேன். அவர் மிகுந்த பணிவோடு, 75 டாலர் ‘சிறப்பு இருக்கை’க்கானது, இதுவும் சிறப்பு இருக்கைதான், ஏனெனில் இங்கிருந்து சமையலறையும் தெரியும், வாணவேடிக்கையும் தெரியும் என்றார். அப்பா கருவிகளைக் கழற்றிவிட்டு, “நீங்க பேசிச் சாப்பிடுங்கப்பா, எனக்கு ஒண்ணும் வேண்டாம்” என்றார். எழுந்து போய்விடலாம் என்றால் முன்பணம் போய்விடும் என்று அந்த மேலாளரே நினைவூட்டினார்.

வாணவேடிக்கை தொடங்குவதற்குச் சற்று முன்பு நிலைமை இன்னும் மோசமாயிற்று. அந்தப் பகுதி உணவகங்களில் சன்னல் காட்சியே முதன்மையான விற்பனைச் சரக்கு. சாப்பிட்டு முடித்தவர்கள் எழுவதில்லை. புதியவர்கள் நின்றுகொண்டே காத்திருக்கிறார்கள். விளக்குகளை மங்கலாக்கி, வாணவேடிக்கைக்குரிய இசையை ஒலிபெருக்கியில் விடுகிறார்கள். புகழ்பெற்ற இடங்களிலும் இதுதான் வழக்கம் என்பதால் இதை எங்கள் விடுதியின் மீது மட்டும் குற்றமாகச் சுமத்த முடியாது. டிஸ்னி வேர்ல்டின் கன்டெம்பரரி விடுதியில் 15-ஆம் தளத்தில் இருக்கும் கலிஃபோர்னியா கிரில் உணவகத்தில், மாலையில் முன்னதாகவே சாப்பிட்டுச் சென்றவர்களும் அன்றைய ரசீதைக் காட்டிவிட்டு வாணவேடிக்கை நேரத்தில் திரும்ப வந்து பார்க்கலாம். சலுகை நல்ல சலுகைதான். ஆனால் அந்த நேரத்தில் அந்தத் தளத்தில் எத்தனை பேர் நிற்பார்கள் என்பதை முன்பதிவு செய்பவர் எண்ணிப் பார்க்க வேண்டும். விலை உயர்ந்த உணவகம் என்றால் அமைதியான உணவகம் என்று நாம் நம்மூர் நட்சத்திர விடுதிகளை மனத்தில் வைத்து முடிவு கட்டிவிடுகிறோம். பூங்கா ஊரில் அதிகப் பணம் பெரும்பாலும் உயரத்துக்கும் காட்சிக்கும்தான் போகிறது. காட்சி இருக்கும் இடத்தில் கூட்டமும் கூட்டத்தோடு குழந்தைகளும் இருப்பார்கள். குழந்தைகளைக் குறை சொல்லவில்லை. ஊரே அவர்களுக்காகக் கட்டப்பட்டது.

இருக்கையோடு தொல்லை முடிந்திருந்தால் ஒருவேளை நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். என் பெற்றோர் முட்டைகூடத் தொடாத சைவர்கள். முன்பதிவிலும் அதைச் சொன்னேன், மேசையிலும் சொன்னேன். பரிமாறியவர் காளான் ரிசொட்டோவைச் சுட்டிக்காட்டி, இறைச்சி கிடையாது, முழுக்கச் சைவம் என்று உறுதி சொன்னார். ரிசொட்டோ என்பது அரிசியைச் சுடச்சுடச் சாறு ஊற்றி ஊற்றிக் கிளறி வேகவைக்கும் இத்தாலிய உணவு. அந்தச் சாறு பெரும்பாலான சமையலறைகளில் கோழி எலும்பில் வைத்ததாகவே இருக்கும். எனக்கு இது தெரியும் என்பதால் சாறு எது என்று குறிப்பாகவே கேட்டேன். காய்கறிச் சாறு என்று அவர் உள்ளே போகாமலேயே பதில் சொன்னார். அம்மா பாதிக்கு மேல் சாப்பிட்ட பிறகு, வேறு தட்டுகளைக் கொண்டுவந்த இளைஞரிடம் மீண்டும் கேட்டபோது, அவர் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, கோழிச் சாறுதான், மன்னியுங்கள் என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் அன்று இரவு அவர் எதையும் சாப்பிடவும் இல்லை. மேலாளர், பெற்றோர் இருவருக்கும் வந்த அந்த இரண்டு தட்டுகளுக்கும் பதிலாக இனிப்பு ஒன்றை இலவசமாகத் தருவதாகச் சொன்னார். அதில் விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுக்கப்படும் ஜெலட்டின் இருக்கிறதா என்று கேட்டதற்கு அவருக்குப் பதில் தெரியவில்லை.

பிறகு பில் வந்தது. ஆளுக்கு 95 டாலர் என்ற நிலையான விலையில் நால்வருக்கு 380. அதன்மேல் 22 விழுக்காடு ‘சேவைக் கட்டணம்’, 83.60. இரண்டையும் கூட்டிய தொகைக்கு 6.5 விழுக்காடு விற்பனை வரி, 30.13. மொத்தம் 493.73 டாலர். முன்பணமாகக் கட்டிய 200 டாலர் கழிக்கப்படவே இல்லை. கீழே டிப்ஸ் எழுதுவதற்கு ஒரு வெற்றுக் கோடும், அதன் அருகே 18, 20, 22 விழுக்காட்டுக்கான தொகைகளும் அச்சிடப்பட்டிருந்தன. அவையும் சேவைக் கட்டணத்தையும் வரியையும் சேர்த்த மொத்தத்தின் மேல் கணக்கிடப்பட்டவை. 20 விழுக்காட்டுக்கு எதிரே 98.75 என்று இருந்தது. அமெரிக்க வழக்கம் பழகாத பெரியவர்கள் யாராவது பில்லைக் கையில் எடுத்திருந்தால், சேவைக்கு இரண்டு முறை கொடுத்திருப்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விருந்தினர் தாமாக விரும்பித் தருவதுதான் டிப்ஸ். உணவகம் கட்டாயமாகச் சேர்ப்பது அமெரிக்க வருமான வரித்துறையின் கணக்கில் டிப்ஸ் ஆகாது, அது உணவகத்தின் வருமானம். ஃப்ளோரிடா விதிகளின்படி, கட்டாயச் சேவைக் கட்டணம் தனியாகக் காட்டப்பட்டு முழுவதும் ஊழியர்களுக்கே போகிறது என்றால் அதன்மேல் விற்பனை வரி கிடையாது. எங்கள் பில்லில் வரி போடப்பட்டிருந்தது. அப்படியானால் அந்த 83.60 டாலரும் முழுமையாக ஊழியர்களிடம் போய்ச் சேரவில்லை என்றே நான் புரிந்துகொள்கிறேன். மேலும், கட்டாயக் கட்டணம் உண்டு என்ற அறிவிப்பு உணவுப் பட்டியலிலும் பில்லின் முகப்பிலும் இருக்க வேண்டும் என்று ஃப்ளோரிடா சட்டத்தின் 509.214-ஆம் பிரிவு சொல்கிறது. பில்லில் இருந்தது, பட்டியலில் நான் தேடிய வரை இல்லை. பட்டியலின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். மறைமுகக் கட்டணங்களுக்கு எதிராக 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி விதி இதற்கு உதவாது. அது தங்குமிட வாடகையையும் நிகழ்ச்சிச் சீட்டுகளையும் மட்டுமே கட்டுப்படுத்துகிறது. உணவகங்கள் அதன் வெளியே நிற்கின்றன.

இனி போக இருப்பவர்கள் அமைதியை எப்படி விசாரிக்க வேண்டும் என்றால், ‘அமைதியாக இருக்குமா’ என்று மட்டும் கேட்பதில் பயனில்லை. எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். சமையலறை திறந்ததா மூடியதா, தரையில் விரிப்பு உண்டா அல்லது வெறும் கல்லா, வாணவேடிக்கை நேரத்தில் இசை உள்ளே ஒலிக்குமா, குழந்தைகளுக்கு வயது வரம்பு உண்டா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு உண்டு என்று பதில் வரும் இடங்கள் மிகச் சில. டிஸ்னியின் கிராண்ட் ஃப்ளோரிடியன் விடுதியில் உள்ள விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸ் அவற்றில் ஒன்று. 10 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அங்கே அனுமதி இல்லை, உடைக் கட்டுப்பாடும் உண்டு, சிறந்த உணவகங்களுக்குத் தரப்படும் மிஷெலின் நட்சத்திரத்தையும் 2024-இல் பெற்றது. முன்கூட்டியே சொன்னால் இறைச்சியும் பாலும் இல்லாத பட்டியல் தருகிறார்கள். ஆனால் ஒருவருக்கு ஏறத்தாழ 300 டாலரோ அதற்கு மேலோ ஆகும், சாப்பாடும் சில மணி நேரம் நீளும். முதியவர்களுக்கு இது ஏற்றதா என்பது அவரவர் முடிவு.

என்னைக் கேட்டால், ஆடம்பரத்தில் ஒரு படி இறங்கி, டிஸ்னியின் இன்னொரு விடுதியான அனிமல் கிங்டம் லாட்ஜ் பக்கம் போகச் சொல்வேன். அங்குள்ள ஜிக்கோ உணவகத்தில் பார்ப்பதற்கு வாணவேடிக்கை இல்லை. ஆகவே அதற்காக வரும் கூட்டமும் இல்லை. அதே வளாகத்தில் சனா என்ற எளிய உணவகத்தின் சன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கிகளும் வரிக்குதிரைகளும் மேய்கின்றன. நான் ரொட்டியும் ஊறுகாயும் தயிர்ப் பச்சடியும் கிடைக்கும். அப்பாவும் அம்மாவும் மறுநாள் பிற்பகலில் அங்கேதான் வயிறாரச் சாப்பிட்டார்கள். எல்லோரும் பூங்காவுக்குள் இருக்கும் அந்த நேரத்தில் அறை பாதி காலியாக இருந்தது. டிஸ்னியின் சொந்த உணவகங்களுக்கு 60 நாள்களுக்கு முன்பே பதிவு தொடங்கிவிடும். பெரும்பாலானவற்றில் இரண்டு மணி நேரம் முன்பு வரை இழப்பின்றி ரத்து செய்யலாம் என்பதால், திரும்பக் கிடைக்காத முன்பணம் கேட்கும் இடத்தை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

எங்கள் பணத்துக்கு என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிடுகிறேன். 200 டாலர் முன்பணத்தை மேசையிலேயே வாதாடிக் கழிக்க வைத்தேன். இரண்டு ரிசொட்டோக்களுக்கும் விலையைக் குறைக்க அவர்கள் மறுத்துவிட்டார்கள். மாடத்துக்கான 75 டாலரை, ஒப்புக்கொண்டபடி தராத சேவை என்ற அடிப்படையில் கார்டு வழங்கிய வங்கியிடம் எழுத்து மூலம் மறுத்தேன். அந்த ஒற்றை வரி மின்னஞ்சலைப் பார்த்தபின் வங்கி பணத்தைத் திருப்பி வரவு வைத்தது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி இத்தகைய மறுப்பு, அந்தத் தொகை முதன்முதலில் இடம்பெற்ற கணக்கு அறிக்கை அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாள்களுக்குள் வங்கிக்குப் போய்ச் சேர வேண்டும். சாப்பிட்ட நாளிலிருந்து அல்ல. மூன்று நான்கு மாதம் முன்னதாகவே பணம் கட்டிவிட்டால், மேசையில் போய் உட்காரும் முன்பே அந்தக் கெடு முடிந்துபோகக்கூடும். வங்கிகள் தாமாகக் கூடுதல் அவகாசம் தருவதும் உண்டு, ஆனால் அதை நம்பி முன்பணம் கட்ட வேண்டாம்.

கோழிச் சாறு பற்றிய புகாரை, ஃப்ளோரிடாவில் உணவகங்களுக்கு உரிமம் வழங்கிச் சோதனை செய்யும் வணிக, தொழில்முறை ஒழுங்குமுறைத் துறைக்கு அனுப்பியிருக்கிறேன். உணவின் அடையாளத்தைத் திரித்துச் சொல்வதை அம்மாநிலச் சட்டத்தின் 509.292-ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆனால் தெரிந்தே வேண்டுமென்று செய்ததாகக் காட்ட வேண்டியிருப்பதால் அது எளிதில் நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பட்டியலில் கட்டண அறிவிப்பு இல்லாததற்குப் படங்கள் இருக்கின்றன. அந்தப் பகுதியாவது நிற்கும். துறையின் பதில் வந்ததும் இந்தப் பதிவிலேயே சேர்க்கிறேன்.