பிட்டுமினை முதுமையாக்கும் ஜோடி: ஆர்டிஎஃப்ஓ அடுப்பும் பிஏவி கலனும்

சாலைக் கற்களைப் பிணைக்கும் கரிய பொருளான பிட்டுமின் பல ஆண்டுகள் சாலையில் கிடந்து இறுகும். அதை ஓரிரு நாளில் இறுக வைத்துக் காட்டுவதுதான் ஆர்டிஎஃப்ஓ (சுழலும் மெல்படல அடுப்பு), பிஏவி (அழுத்த முதுமைக் கலன்) என்ற இந்த இரண்டு சோதனைக் கருவிகளின் வேலை. சாதாரண பிட்டுமினுக்கு அடுப்பை நம்பி வாங்கலாம். பாலிமர் கலந்ததற்கு அது அரைகுறைதான்.

அடுப்பு, கலவை ஆலையில் நடப்பதைத் திரும்ப நடத்துகிறது. 8 கண்ணாடிக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் 35 கிராம், 163 டிகிரி செல்சியஸ், 85 நிமிடம். சக்கரம் நிமிடத்துக்கு 15 சுற்று சுற்றும். நிமிடத்துக்கு 4,000 மில்லிலிட்டர் சூடான காற்று குப்பிக்குள் பாயும். குப்பிகளை ஏற்றிய 10 நிமிடத்துக்குள் வெப்பம் மீண்டும் 163ஐத் தொடாவிட்டால் அந்த அடுப்பை வாங்க வேண்டாம். சக்கரம் லேசாகச் சாய்ந்தாலும் பிட்டுமின் வாய்ப்பக்கம் வழிந்து அடுப்புக்குள் சொட்டும். பாலிமர் வகையில் சிக்கல் வேறு: கெட்டியாக இருப்பதால் சுவரில் படலமாகப் பரவாமல் உருண்டையாகவே புரளும், காற்று உள்ளே எட்டாது. முதுமை குறைவாக ஏறி, சரக்கு நல்லதுபோலத் தெரியும்.

எடை மாற்றத்தை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். எளிதில் ஆவியாகும் பகுதி போனால் எடை குறையும், ஆக்சிஜன் ஏறினால் கூடும். இரண்டும் சரிக்கட்டினால் மாற்றம் பூஜ்யமாகத் தெரியும், பிட்டுமினோ இறுகியிருக்கும். 60 டிகிரியில் பாகுநிலையை முன்னும் பின்னும் அளந்து விகிதம் பாருங்கள்.

அடுத்தது பிஏவி. அடுப்பிலிருந்து வந்த எச்சத்தைத் தட்டுக்கு 50 கிராம் ஊற்றி, 2.1 மெகாபாஸ்கல் காற்றழுத்தத்தில் 20 மணி நேரம் வைக்க வேண்டும். வெப்பம் 90, 100 அல்லது 110 டிகிரி. சாலை இருக்கும் இடத்தின் தட்பவெப்பத்துக்கும் பிட்டுமின் தரத்துக்கும் ஏற்பத் தேர்வு. படலம் சுமார் 3.2 மில்லிமீட்டர். தட்டு மட்டமாக இல்லையென்றால் ஒரு பக்கம் தடித்து, அங்கே ஆக்சிஜன் ஊடுருவல் குறையும். கருவியைக் குறை சொல்லும் முன் ரசமட்டத்தை எடுத்து வைத்துப் பாருங்கள்.

உள்ளே நடக்கும் வேதியியல் இதுதான்: அரோமேட்டிக் (பென்சீன் போன்ற) வளையத்தை ஒட்டிய கார்பனில் ஆக்சிஜன் சேர்ந்து கீட்டோன் ஆகிறது, கந்தகச் சேர்மம் சல்பாக்சைடு ஆகிறது. அகச்சிவப்பு நிறமாலையில் முறையே 1700, 1030 அலை எண்களில் இவற்றின் முகடுகள் எழும்பும். பிட்டுமினின் அரோமேட்டிக் பகுதி குறைந்து, கனத்த கெட்டிப் பகுதியான அஸ்பால்டீன் பெருகும்; சாச்சுரேட் எனும் நிறைவுற்ற ஹைட்ரோகார்பன் பகுதி ஏறத்தாழ அப்படியே இருக்கும். சூட்டைக் கூட்டி நேரத்தை மிச்சப்படுத்தலாமே என்றால், அதிக வெப்பத்தில் சல்பாக்சைடு சிதையும். அப்போது கிடைப்பது சாலையில் காணும் முதுமை அல்ல.

அழுத்தத்தை 8 முதல் 10 நிமிடத்தில் மெதுவாக விடுங்கள், வேகமாக விட்டால் நுரைத்துவிடும். பிறகு வெற்றிட அடுப்பில் 170 டிகிரியில் 30 நிமிடம் குமிழி நீக்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டினால், குளிர்நிலை வளைவுச் சோதனைக்கு வார்க்கும் கட்டைக்குள் குமிழி நின்று விறைப்பு எண் தவறாகிவிடும்.

புற ஊதாக் கதிர், மழைநீர், கற்களின் கனிமத் தாக்கம் எதுவும் இந்தக் கலனுக்குள் இல்லை. 20 மணி நேரம் இத்தனை ஆண்டுக்குச் சமம் என்று விற்பனைத் தாளில் ஒற்றை எண் போட்டிருந்தால் நம்ப வேண்டாம். கலவையில் காற்று இடைவெளி கூடினாலே அந்தக் கணக்கு மாறிவிடும். பழைய சாலைக் கலவை அதிகம் சேர்ப்பவர்களுக்கு 20 மணி நேரம் போதாது, 40 ஓட்ட வேண்டும். அதற்கு வெப்பமும் அழுத்தமும் இடைவிடாமல் பதிவாகும் மாதிரியை மட்டும் வாங்குங்கள். இரவில் வெப்பம் விலகியது பதிவில்லாமல் தெரியவே தெரியாது.