வீடியோ வகுப்பா, கோயில் பிராகாரமா?

இரண்டுக்கும் கைக்காசு போட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். முதலில் வாங்கியது, கட்டடங்களையும் நிலக்காட்சிகளையும் படமெடுக்கச் சொல்லித்தரும் வீடியோ வகுப்பு. தள்ளுபடியில் ரூ. 2,400. அடுத்த வருடம் போனது, தஞ்சாவூர், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் என்று மூன்று நாள் நேரில் கூட்டிப்போய்க் கற்றுக்கொடுத்த பயிலரங்கு. கட்டணம் ரூ. 16,500, தங்குவதும் சாப்பாடும் தனி. என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.

விலை, வசதி பற்றியெல்லாம் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. வீடியோ மலிவு, லுங்கியோடு உட்கார்ந்து பார்க்கலாம், புரியாவிட்டால் திரும்ப ஓட்டலாம். பயிலரங்கு என்றால் லீவு போட வேண்டும், விடிகாலை நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும்.

பாடத்தில் வித்தியாசம் உண்டா என்றால், ஏறக்குறைய கிடையாது. கேமராவை அண்ணாந்து பிடித்தால் செங்குத்துக் கோடுகள் மேலே போகப்போக ஒன்றையொன்று நெருங்கும், கட்டடம் பின்னால் சாய்கிற மாதிரித் தெரியும்; கேமராவை மட்டமாகப் பிடித்தால் சாயாது. இதை வீடியோவிலும் சொன்னார்கள், நான் நோட்டில் எழுதியும் வைத்தேன். அப்புறம் பெரிய கோயிலுக்குள் போனதும் என்ன செய்தேன்? விமானத்துக்கு, அதாவது கருவறைக்கு மேலே எழும்பும் கோபுரத்துக்குக் கிட்டே போய், அண்ணாந்து ஒரு கிளிக்.

"என்ன சார், ராஜராஜன் நேராத்தானே கட்டினான், இப்படிச் சாய்ச்சுட்டீங்களே" என்று பின்னாலிருந்து ஆசிரியரின் குரல்.

திட்டவில்லை. அங்கேயே ஒரு கணக்குப் போட்டார். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (பழைய ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 24 மி.மீ. அகலக்கோண லென்ஸ் போட்டு, கேமராவை நெட்டுவாக்கில் மட்டமாகப் பிடித்தால், நாம் நிற்கும் தூரத்தில் முக்கால் பங்கு உயரம்தான் கண் மட்டத்துக்கு மேலே படத்தில் அடங்கும். விமானம் சுமார் 66 மீட்டர். கண் மட்டத்தைக் கழித்து முக்காலால் வகுத்தால் 86 மீட்டர் வரும். அவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும். பிராகாரத்தின் அகலமே ஏறத்தாழ 120 மீட்டர்தான், விமானம் அதன் நடுவில். தெற்கு மதிலோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாலும் 60 மீட்டர்தான் கிடைக்கும். மூலைக்குப் போனால்தான் அந்த 86-ஐ எட்டிப்பிடிக்கலாம். மாலை வெயில் முதுகுப் பக்கம் இருக்க வேண்டுமென்றால் தென்மேற்கு மூலை.

போய் நின்றேன். விமானம் நிமிர்ந்து நின்றது. படத்தில் கீழ்ப்பாதி முழுக்க வெறும் தரை. "அதை அப்புறம் வெட்டிக்கலாம், இப்ப நிழலைப் பாருங்க" என்றார். நமக்குப் பின்னால், மதிலை ஒட்டி இருந்த தூண் மண்டபமான திருச்சுற்று மாளிகையின் நிழல் தரையில் ஊர்ந்து விமானத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அது அடிப்பகுதியைத் தொடுவதற்கு முந்தைய சில நிமிடங்கள்தான் நமக்கு. மூன்று படம் எடுத்தேன். இரண்டில் கேமரா லேசாகச் சரிந்திருந்ததை அவரே திரையைப் பார்த்துச் சொன்னார். நிழல் ஏறுவதற்குள் நான்காவது கிடைத்தது.

என்னைப் பொறுத்தவரை தீர்ப்பைச் சொல்லும் விஷயம் இது ஒன்றுதான்: தப்பைச் செய்த இடத்திலேயே, வெளிச்சம் போவதற்குள் யாராவது திருத்துகிறார்களா? வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு போனால் அந்தத் தப்பு சென்னைக்குத் திரும்பி வந்து கம்ப்யூட்டரில் திறக்கும்போதுதான் தெரியும். அப்போது கோயில் 300 கிலோமீட்டருக்கு அப்பால். மறுநாள் கங்கைகொண்ட சோழபுரத்தில் யாரும் சொல்லாமலே கணக்குப் போட்டேன்: விமானம் சுமார் 55 மீட்டர், அப்படியானால் 71 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அங்கே புல்வெளி தாராளம், பின்னால் போகப் போக இடம் இருக்கிறது.

வீடியோவில் இன்னொரு தொல்லையும் உண்டு. என் வகுப்பை எடுத்தவர் வட ஐரோப்பாக்காரர். சூரியன் மறைந்தபின் நீல வெளிச்சத்துக்கு நிதானமாகக் காத்திருங்கள் என்கிறார். அவர் ஊரில் சூரியன் சாய்வாக இறங்கும், அந்தி நீளும். நம் ஊரில் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குகிறது. வானமும் விளக்கும் சமமாக இருக்கும் நேரம் இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். அவர் பேச்சைக் கேட்டு டீ குடிக்கப் போய் ஒரு மாலையைக் கோட்டை விட்டிருக்கிறேன்.

வீடியோ ஜெயிக்கிற இடமும் உண்டு. இருட்டு மண்டபம், வெளியே கொளுத்தும் வெயில் என்றால் வெவ்வேறு வெளிச்ச அளவில் மூன்று படம் எடுத்து லைட்ரூம் என்ற மென்பொருளில் ஒன்றாக்குவதை வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் படிப்பதே மேல். பயிலரங்கில் அந்தப் பாடம் ராத்திரி ஒன்பது மணிக்கு நடந்தது. பாதிப் பேர் தூங்கி வழிந்தோம்.

பயிலரங்கு என்ற பெயரை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். இதற்கு முன் ஹம்பிக்கு ஒரு கூட்டத்தோடு போயிருந்தேன். பதினாறு பேருக்கு ஒரே ஆசிரியர். மாதங்க மலை உச்சியில் வரிசையாக நின்று, கீழே தெரிந்த அச்சுதராயர் கோயிலைப் பதினாறு பேரும் ஒரே மாதிரி எடுத்துக்கொண்டு இறங்கினோம். ஆசிரியர் என் கேமரா பக்கம் வரவே இல்லை. அது வீடியோ வகுப்பைவிட மோசம். ஒரு ஆசிரியருக்கு ஆறு பேருக்கு மேல் என்றால் நான் இனிமேல் போக மாட்டேன். தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள இடங்களில் ட்ரைபாட் வைக்க முன்அனுமதி வேண்டும். அதை அவர்கள் வாங்கித் தருகிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிலக்காட்சிக்கு இந்த அளவு அடித்துப் பேச எனக்குத் தைரியம் இல்லை. கோயில் அதே இடத்தில்தான் இருக்கும், மறுநாளும் வெயில் வரும். மலையில் மூன்று நாளும் பனி மூடிக்கொண்டால் ஆசிரியர் என்ன செய்வார்? வால்பாறைக்கு ஒரே ஒரு முறை, அதுவும் தனியாகப் போனதுதான் என் அனுபவம்.

சரி, ரூ. 16,500 இப்போதைக்கு முடியாது என்றால், நன்றாகப் படமெடுக்கத் தெரிந்த ஒரு நண்பருக்குப் பஸ் டிக்கெட் எடுத்துக் கொடுத்துத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போங்கள். மாலை நாலரை மணிக்கெல்லாம் தென்மேற்கு மூலையைப் பிடித்துவிடுங்கள்.