செலவில்லாத மந்திரம் சீக்கிரம் சலிக்கும்: பேன்டஸி கேம்களும் புத்தகங்களும், நெடுநாள் பயன்பாட்டில்

தொடக்கத்தில் எந்தப் பேன்டஸி கேமும் நன்றாகத்தான் இருக்கும். புது மேப், புது வாள், திரும்பின பக்கமெல்லாம் ஒரு குகை. தரம் தெரிவது நம் ஆள் பலசாலியான பிறகுதான். அப்போதும் ஒரு சண்டைக்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தால் கேம் நிலைத்து நிற்கும். இல்லையென்றால் பாதியில் கிடக்கும். மந்திரத்துக்கும் காயத்துக்கும் அந்த உலகம் என்ன செலவு வைக்கிறது என்று பார்த்தாலே இதை ஓரளவு முன்கூட்டிச் சொல்லிவிடலாம்.

ஸ்கைரிம் 2011 நவம்பரில் வந்தது, இன்னும் ஆடுகிறார்கள். சும்மா சுற்றித் திரிவதற்கு இதைவிட நல்ல உலகங்கள் குறைவு. ஆனால் மந்திரவாதியாக ஆடினால் நடுவில் தொய்ந்துவிடும். என்சான்டிங்கை (பொருள்களில் மந்திரம் ஏற்றும் திறன்) 100க்குக் கொண்டுபோய் உரிய பெர்க்குகளையும் (திறனோடு கிடைக்கும் கூடுதல் சலுகைகள்) எடுத்தால், ஒரு பொருளுக்கு 25 சதவீதம் டிஸ்ட்ரக்ஷன் (தாக்கும் வகை) மந்திரச் செலவைக் குறைக்கலாம். தலைக்கவசம், மார்புக்கவசம், மோதிரம், கழுத்தணி என நான்கிலும் அதையே ஏற்றினால் செலவு பூஜ்யம். மந்திர சக்தியைக் காட்டும் மஜிகா பட்டை அசையவே அசையாது. கூடவே இம்பாக்ட் பெர்க் இருந்தால் இரு கைகளாலும் சேர்த்து வீசும் மந்திரத்தில் டிராகன்கூடத் தடுமாறும். எதிரிக்கு ஆகும் சேதமோ டிஸ்ட்ரக்ஷன் திறன் ஏறுவதால் மட்டும் அதிகரிக்காது. ஆக, எதிரியும் சட்டென்று சாவதில்லை, நமக்கும் ஒன்றும் ஆவதில்லை, ஒரே பட்டனை அழுத்திக்கொண்டிருப்போம். இரண்டு பொருளோடு நிறுத்தி, செலவை 50 சதவீதத்தில் வைத்து, இம்பாக்ட்டைத் தொடாமல் விட்டால் ஆட்டம் உயிரோடு இருக்கும்.

இன்னொரு சிக்கல், சண்டைத் திறன் எதுவும் ஏறாமல் ஸ்மித்திங்கையும் (கொல்லு வேலை) ஆல்கெமியையும் (மருந்து தயாரிப்பு) மட்டும் வளர்ப்பது. அவையும் நம் லெவலை ஏற்றும். லெவலுக்கேற்ப எதிரிகளும் முரடாகிவிடுவார்கள். கவசத்திலும் ஓர் எல்லை உண்டு: கேடயத்தோடு முழுக் கவசம் போட்டிருந்தால் திரையில் கவச மதிப்பு 542 காட்டும்போதே 80 சதவீதத் தடுப்பு வந்துவிடும். அதற்குமேல் பட்டை தீட்டுவது வீண் வேலை.

2015இல் வந்த தி விட்சர் 3இல் முதலில் சரிசெய்ய வேண்டியது டிஃபிகல்டி, அதாவது கடின நிலை. நான்கு நிலைகளில் கீழே உள்ள இரண்டில் தியானம் செய்தாலே உயிர்ப்பட்டை நிரம்பிவிடும். மேலே உள்ள இரண்டில் நிரம்பாது. மூன்றாவதில் தொடங்குவதே சரி. அப்போதுதான் சாப்பாடும் உயிரை மீட்கும் ஸ்வாலோ மருந்தும் வாள் எண்ணெயும் எதற்கென்று புரியும். மருந்து குடிக்கக் குடிக்க ஏறும் விஷத்தன்மையின் உச்சம் தொடக்கத்தில் 100, ஒரு டிகாக்ஷனுக்கே (வீரியமான கஷாயம்) 70 போய்விடும். மிச்சத்தில் எதைக் குடிப்பது என்ற கணக்குதான் இந்த கேமின் நல்ல பகுதி. கெட்ட பகுதி, ஒருமுறை தயாரித்த மருந்தை மறுபடி தயாரிக்கத் தேவையில்லாதது. வீரியமான மது ஒரு பாட்டில் இருந்தால் தியானத்தில் எல்லாம் நிரம்பிவிடும், மதுவுக்கோ பஞ்சமே வராது.

சைடு குவெஸ்ட்டுகளை (முதன்மைக் கதைக்கு வெளியே உள்ள பணிகள்) ஒன்று விடாமல் முடிப்பவர்கள் லெவலில் முந்திவிடுவார்கள். குவெஸ்ட்டின் லெவலைவிட ஆறு கூடிவிட்டால் அனுபவப் புள்ளி ஏறக்குறைய கிடைக்காது, பூதங்களும் பொசுக்கென்று போய்விடும். செட்டிங்ஸில் எதிரிகளை நம் லெவலுக்கு உயர்த்தும் வசதி இருக்கிறது. போட்டால் எலியும் தெருநாயும்கூட மல்லுக்கு நிற்கும், அதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த கேமுக்கு அடிப்படையான சப்கோவ்ஸ்கியின் புத்தகங்களில் நிலைமை வேறு. நாயகன் கெரால்ட் அங்கே ஒரு சண்டையில் காலை உடைத்துக்கொள்கிறான். அந்த முழங்கால் அடுத்த தொகுதியிலும் வலிக்கிறது. தியானம் எதையும் துடைத்துவிடுவதில்லை. படிக்கும் வரிசையில் பலர் தடுக்கி விழுவார்கள். நேராக ஐந்து நாவல்களின் முதலாவதான பிளட் ஆஃப் எல்வ்ஸில் நுழைந்தால் சிரி யார், கெரால்டுக்கு அவள்மேல் ஏன் இத்தனை பிடிப்பு என்பது பிடிபடாது. தி லாஸ்ட் விஷ், ஸ்வோர்ட் ஆஃப் டெஸ்டினி என்ற இரு சிறுகதைத் தொகுப்புகளும் முதலில், பிறகு ஐந்து நாவல்கள். 2013இல் வந்த சீசன் ஆஃப் ஸ்டார்ம்ஸ் கதைக்காலத்தில் முந்தியது என்றாலும் கடைசியில் படிப்பதே நல்லது.

கேம்கள் புத்தகங்களுக்குப் பிந்தைய காலத்தில் நடப்பவை. கேமை முதலில் முடித்தால் யார் பிழைப்பார்கள் என்பது தெரிந்துவிடும். புத்தகத்தை முதலில் முடித்தாலோ, கெரால்டின் காதலி யென்னஃபரா ட்ரிஸ்ஸா என்று கேம் நடுநிலையாகக் கேட்கும் இடத்தில் அது கேள்வியாகவே தோன்றாது. இருந்தாலும் புத்தகமே முதலில் என்பது என் கட்சி.

மந்திரத்தின் செலவை நேர்த்தியாகக் கட்டிய புத்தகம் வேண்டுமென்றால் 1968இல் வந்த எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ. ஓரிடத்தில் மழையை வரவழைத்தால் வேறெங்கோ வறட்சி வரலாம். பருந்தாக உருமாறி அதிக நேரம் பறந்தால் மனிதனாகத் திரும்புவதே கடினம். அளவில் சிறியது, இரண்டாம் வாசிப்பிலும் தளராது.

பால்டர்ஸ் கேட் 3 (2023) செலவை ஓய்வில் வைக்கிறது. நடுத்தர நிலையில் ஒரு நீண்ட ஓய்வுக்கு 40 உணவுப்பொருள், அதைவிடக் கடினமான டாக்டிஷியனில் 80. மந்திர ஸ்லாட்டை (ஓய்வில் மீளும் மந்திர வாய்ப்பு) சேமிக்கிறேன் என்று ஓய்வே எடுக்காமல் போவது பெரிய தவறு. தோழர்களின் பல உரையாடல்கள் முகாமில் இரவில்தான் திறக்கும், தள்ளிப்போட்டால் சில வராமலே போகும். விதிவிலக்கு, கண்ணெதிரே ஆபத்து நடக்கும் இடங்கள். எரியும் வாக்கீன்ஸ் ரெஸ்ட் விடுதியைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போனால், உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்ற வழியில்லை.

எல்டன் ரிங்கில் (2022) குவெஸ்ட் பட்டியல் கிடையாது. யார் எங்கே போகச் சொன்னார் என்பதை நாமேதான் குறித்து வைக்க வேண்டும். உயிர்ப்பட்டையை நீட்டும் விகர் திறனை 40 வரை தயங்காமல் ஏற்றலாம், அதற்குப் பின் பலன் குறையும், 60க்குமேல் மிகவும் குறையும். குடுவைகள் அதிகபட்சம் 14. உயிருக்கும் (சிவப்பு) மந்திரத்துக்கும் (நீலம்) சேர்த்துத்தான் இந்த எண்ணிக்கை. ஒரு நீலக் குடுவை கூடினால் ஒரு சிவப்பு குறையும். பாஸ் வாசலில் உள்ள கிரேஸில் (ஓய்விடம்) உட்கார்ந்து இந்தப் பங்கீட்டை மாற்றிக்கொள்ளலாம். இரண்டு முறை தோற்றவர்கள் லெவல் ஏற்றப் போவதற்கு முன் இதை மாற்றிப் பார்க்கலாம்.